வெறுங்கையோடு வீட்டுக்குப் போகாதீர்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை, கடிதத்தையும் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"அக்கா, எனக்கு 36 வயது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலேஜ் படிக்கும்போது வாரத்துக்கு ஒரு புத்தகம் முடிப்பேன். இப்போது வருஷத்துக்கு ஒன்று முடித்தால் பெரிய விஷயம். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஆசையாசையாக 11 புத்தகம் வாங்கினேன், ஒன்றரை படித்திருக்கிறேன். ராத்திரி படுக்கையில் எடுத்தால் இரண்டு பக்கத்தில் தூங்கிவிடுகிறேன். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது. எனக்கென்று கிடைப்பது பையனின் டியூஷன் வாசலில் காத்திருக்கும் முக்கால் மணி நேரம்தான், அதுவும் போனில் போய்விடுகிறது. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்து ஆரம்பித்தேன், ஒன்பதாம் நாள் விட்டுப்போச்சு. இந்த வருஷம் 24 புத்தகம் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அலமாரியைக் காட்டி 'கொலு வச்சிருக்கியா' என்று கேட்கிறார். எனக்கு மன உறுதி இல்லையோ? நான்காம் வகுப்பு படிக்கும் என் பையனும் புத்தகத்தைத் தொடுவதில்லை, அதுவும் என்னால்தானோ?"

தங்கச்சி, மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. விடியுமுன் எழுந்து சமைத்து, பையனைக் கிளப்பி, பஸ் பிடித்து, நாள் பூரா அடுத்தவர் கணக்கை நேர்செய்துவிட்டு, திரும்பவும் பஸ் பிடித்து வந்து அடுப்பைப் பற்றவைக்கிற ஒருத்திக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால், அவரை ஒரே ஒரு வாரம் அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நான் மனோதத்துவம் படித்தவள் இல்லை. மதுரை மாவட்டத்தில் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கிளை நூலகத்தில் ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம் எடுக்க வருகிறவர்கள், திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள், வராமலே போகிறவர்கள். அதை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

திரும்பி வருகிற புத்தகம் நிறையப் பேசும். எந்தப் பக்கத்தில் காது மடித்திருக்கிறது, எந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறை, எந்தப் பக்கத்தோடு பஸ் டிக்கெட் நின்றுபோயிருக்கிறது என்று பார்த்தாலே, படித்தவர் எங்கே உட்கார்ந்து படித்தார், எங்கே அலுத்துப்போனார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 41-ஆம் பக்கத்தில் டிக்கெட்டோடு திரும்பிய புத்தகங்களைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வருத்தப்படுவேன். ஐயோ, இந்த ஆள் படிப்பை விடப்போகிறார் என்று நினைப்பேன். அப்படி நடக்காது. அவர் "நல்லாவே இல்லக்கா, வேற குடுங்க" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துப் போவார், அதையும் பாதியில் கொண்டுவருவார், மூன்றாவது பிடித்துவிடும். பதினைந்து வருஷம் வந்துகொண்டிருப்பார்.

காணாமல் போகிறவர்கள் வேறு ரகம். ஒரு புத்தகத்தை ஆசை ஆசையாகப் படித்து முடித்து, "என்னா புத்தகம்க்கா" என்று மேஜைமேல் வைத்துவிட்டு, "அடுத்தது அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்று வெறுங்கையோடு போவார்கள் பாருங்கள், அவர்கள்தான். நான் எண்ணிக்கை எடுத்து வைத்ததில்லை, இது ஒன்றும் ஆராய்ச்சி இல்லை. ஆனால் கடைசி வருஷங்களில், வெறுங்கையோடு வாசலில் செருப்பை மாட்டும்போதே 'சரி, இவர் போயிட்டாரு' என்று எனக்குள் தோன்றிவிடும். மோட்டார் காயில் கட்டுகிற ஒரு தம்பி எட்டு மாதம் விடாமல் வந்தார். கையில் எப்போதும் வார்னிஷ் வாசம், அதனால் அவர் படித்த புத்தகத்திலும் அந்த வாசம் இருக்கும். ஒரு நாள் தடியான நாவல் ஒன்றை முடித்துவிட்டு, "ஒரு வாரம் இது மனசுல கெடக்கட்டும்க்கா, ஒடனே வேற எடுக்கத் தோணல" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்கப்புறம் நாலு வருஷம் கழித்து, மகளுக்கு உறுப்பினர் அட்டை போட வந்தபோதுதான் அவரைப் பார்த்தேன்.

என் கதை இன்னும் கேவலம். ஓய்வு பெற்ற பிறகு எட்டு மாதம் நான் ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. அத்தனை வருஷம் புத்தகத்தோடு கிடந்தவள், நாள் பூரா ஓய்வாக இருக்கிறவள். யோசித்துப் பார்த்தால், வேலையில் இருந்தவரை அடுத்த புத்தகத்தை நான் தேடியதே இல்லை, அது தானாக என் மேஜைக்கு வந்து சேரும். வீட்டில் யார் கொண்டுவந்து வைப்பார்கள்?

நான் சொல்ல வருவது புரிந்திருக்கும். வாசிப்பு புத்தகத்தின் நடுவில் அறுவது குறைவு. ஒரு புத்தகத்துக்கும் அடுத்த புத்தகத்துக்கும் நடுவில்தான் அறுகிறது. அந்த இடைவெளி ஒரு நாள் என்றால் தப்பித்தோம். ஒரு வாரமானால் அந்த நேரத்தில் போன் வந்து உட்கார்ந்துகொள்ளும், வீட்டுவேலை வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்காது.

நீங்கள் கேட்கலாம், என்னிடம்தான் 11 புத்தகம் இருக்கிறதே என்று. பதினொன்று என்பது அடுத்த புத்தகம் ஆகாது, அது ஒரு கூட்டம். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு அலமாரி முன்னால் நின்று பதினொன்றில் எதை எடுப்பது என்று பார்த்தால், பத்தும் உங்களை முறைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். அத்தோடு 'ஒன்றரை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அரைதான் உங்கள் பிரச்சினை என்று நினைக்கிறேன். பாதியில் கிடக்கிற ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட மனசு வரவில்லை, அதை முடிக்கவும் ஓடவில்லை. கப்பலூர் டோல்கேட்டில் முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டால் பின்னால் நிற்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி ஒன்பதரைப் புத்தகம் உங்கள் வீட்டில் நிற்கிறது.

லாரியை ஓரம் கட்டுங்கள். அந்தப் பாதிப் புத்தகத்தை மூடி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். காசு கொடுத்து வாங்கினோமே என்று தோன்றும். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், போன காசு போனதுதான் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இனி அதில் செலவாகப்போவது உங்கள் நேரம். இந்தியாவில் நூலகத் துறைக்கே தகப்பன் மாதிரி இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நம்ம சீர்காழிக்காரர், அவரும் கணக்குக்காரர்தான், கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் எழுதி வைத்த ஐந்து விதிகளைத்தான் இன்றைக்கும் நூலகப் படிப்பில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. இன்னொன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. எடுத்ததை முடித்தே ஆகவேண்டும் என்று ஐந்தில் ஒரு விதிகூட இல்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்ப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முப்பது பக்கம் கொடுப்பேன். சிறுகதைத் தொகுப்பு என்றால் இரண்டு கதை. ஊரே கொண்டாடுகிற புத்தகம் என்பதற்காகக் கூடுதல் சலுகை கிடையாது. இப்போது ஒட்டாத புத்தகம் பத்து வருஷம் கழித்து ஒட்டலாம், அது அப்போதைய பாடு.

அடுத்து அந்த 24. எனக்கு இந்த வருஷக் கணக்கு பிடிக்காது, நேராகவே சொல்லிவிடுகிறேன். 24 புத்தகம், புத்தகத்துக்கு 200 பக்கம் என்றால் 4,800 பக்கம், நாளுக்கு 13 பக்கம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இன்றைக்குப் படிக்காத 13 நாளைக்கு 26 ஆகிறது, ஒரு வாரம் மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் 91 ஆகிறது, கந்துவட்டிக்காரன் மாதிரி டைரி வாசலில் வந்து நிற்கிறது. கடன்காரனைப் பார்த்தால் யாரும் ஒளியத்தான் செய்வார்கள். அதனால்தான் புத்தகத்தைப் பார்த்து நீங்கள் ஒளிகிறீர்கள். இன்னொரு கெடுதலும் உண்டு. எண்ணிக்கைக்காகப் படிக்க ஆரம்பித்தால் கை தானாகவே ஒல்லிப் புத்தகமாகத் தேடும், ருசித்து இரண்டு தடவை படிக்க வேண்டிய பக்கத்தை ஓட்டிவிட்டுப் போகும். டைரியில் அந்த வரியை அடித்துவிடுங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால், படித்து முடித்த புத்தகத்தின் பெயரையும் அடுத்து எடுக்கப்போகிற ஒரே ஒரு பெயரையும் எழுதுங்கள், போதும்.

அந்த 21 நாள் விஷயமும் அரைகுறையாகப் பரவிய ஒன்று. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அதில் 'குறைந்தது' என்பதை வழியில் யாரோ கழற்றிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது. ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254 என்று கணக்கு விரிந்து கிடக்கிறது. உங்களுக்கு முக்கியமானது அதில் இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. அதாவது ஒன்பதாம் நாள் விட்டதில் ஒன்றும் குடி முழுகவில்லை, பத்தாம் நாள் எடுத்திருந்தால் போதும். விட்டது தோல்வி என்று அந்த வீடியோ உங்களை நம்பவைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, எப்போது படிப்பது? பஸ்ஸை விட்டுவிடுங்கள். வண்டி குலுங்குவதை உள்காது சொல்கிறது, கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் தலை சுற்றுகிறது. சிலருக்கு அப்படித்தான், பழகிக்கொள்கிறேன் என்று போராட வேண்டாம். போதாக்குறைக்குக் காலை நேர பஸ்ஸில் நமக்கு உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் சோற்றுப்பை, எந்தக் கையில் புத்தகம்? படுக்கையையும் விடுங்கள். இரண்டு பக்கத்தில் வருகிற தூக்கம் உடம்பு கேட்கிற தூக்கம், அதைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை. வேண்டுமானால் அந்த இரண்டு பக்கத்தைத் தூக்க மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்களுக்கு மிச்சம் இருப்பது டியூஷன் வாசல். எழுதியிருக்கிறதைப் பார்த்தால் அது நல்ல முக்கால் மணி நேரம். உட்கார்ந்தே ஆகவேண்டும், வேறு வேலை செய்யமுடியாது, யாரும் கூப்பிடமாட்டார்கள். புதிதாக நேரம் ஒதுக்குவது என்பதெல்லாம் ஆபீசர் வீட்டுப் பேச்சு, நமக்கு ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் எதையும் நுழைக்கமுடியும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். போன் கையிலேயே இருக்கிறது, புத்தகம் வீட்டில் இருக்கிறது. இந்தப் போட்டியில் புத்தகம் எப்படி ஜெயிக்கும்? ஆக, பையனின் டியூஷன் பையிலேயே உங்கள் புத்தகத்தையும் போட்டுவிடுங்கள், உங்கள் கைப்பையில் வேண்டாம், அதை நீங்கள் மாற்றுவீர்கள், மறப்பீர்கள். அவன் உள்ளே போகும்போது புத்தகத்தை உருவி உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும், போனை அவன் பைக்குள் தள்ளிவிடுங்கள். அவசரம் என்றால் கதவைத் தட்டி வாங்கிக்கொள்ளலாம், பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடி போதும், நம்பாவிட்டால் ஒரு வாரம் செய்து பாருங்கள்.

போன் பூராவும் விரோதி என்று நான் சொல்லவில்லை. கையில் புத்தகம் இல்லாமல் எங்காவது மாட்டிக்கொண்டால், ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரி வரிசை, 'மதுரைத் திட்டம்' என்று தேடிப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் பூராவும் இருக்கிற தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து ஏற்றிய பழைய தமிழ் நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் நம்ம ஊர்ப் பெயர், ஆனால் நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்பது எனக்கு ஒரு சின்ன வயிற்றெரிச்சல்.

இப்போது இடைவெளிக்கு வருகிறேன், அதுதானே விஷயம். நான் என் எட்டு மாதத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்டு இன்றுவரை செய்வது இதுதான்: ஒரு புத்தகம் முடிய இருபது பக்கம் இருக்கும்போதே அடுத்ததைத் தீர்மானித்து அதே பையில் போட்டுவிடுவேன். முதல் புத்தகம் முடிந்ததும் எழுந்திருக்காமல், அதே உட்காரலில் அடுத்ததில் இரண்டே இரண்டு பக்கம் படித்துவிடுவேன். கதைக்குள் போகவேண்டும் என்றில்லை, புது வீட்டில் பால் காய்ச்சுகிற மாதிரி, அன்றைக்கே குடியேற வேண்டியதில்லை. ஒரு பெரிய நாவல் மனசை ஆட்டிவிட்டது, உடனே இன்னொன்று தாங்காது என்றால், அந்த மோட்டார்த் தம்பி மாதிரி சும்மா இருக்காதீர்கள், கல்யாண விருந்துக்கு மறுநாள் ரசம் சோறு சாப்பிடுகிற மாதிரி லேசாக ஒன்றை எடுங்கள். பயணக் கட்டுரை, சமையல், துப்பறியும் கதை, பழைய வார இதழ் பைண்டிங், எதுவானாலும் சரி. பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற மாத நாவலைக் கையில் வைத்திருக்க வெட்கப்படுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கள் நூலகத்தில் தடித்தடியான புத்தகங்களைத் தேடித் தேடி எடுத்த சில பேர் மாத நாவலில் ஆரம்பித்தவர்கள், அவர்கள் முதல் தேதிச் சீட்டை அடித்துக் கொடுத்ததே நான்தான்.

பையன் விஷயம். உங்களால்தானோ என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி இருக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. படிக்கிற பிள்ளையிடம் "என்ன கதை சொல்லு, என்ன புரிஞ்சுது, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்" என்று உடனே பரீட்சை வைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. நூலகத்துக்கு வந்த பிள்ளைகள் அம்மா வெளியே நிற்கும்போது ஒரு மாதிரியும் பக்கத்தில் நிற்கும்போது வேறு மாதிரியும் புத்தகம் எடுக்கும். அவன் இங்கிலீஷ் மீடியம் என்றால் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அதில் கூச்சம் இருக்கும். தினம் பத்து நிமிஷம் நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள், அவன் கேட்கட்டும், சுவாரசியமான இடத்தில் தொண்டை கட்டியிருக்கு என்று நிறுத்துங்கள். மிச்சத்தை அவனே எழுத்துக் கூட்டிப் பார்க்கிறானா இல்லையா என்று எட்டிப் பார்க்காதீர்கள். படக்கதை கேட்டால் படக்கதை. ஒரே புத்தகத்தை ஏழாவது தடவை எடுத்தாலும் ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு ஒன்பது வயதில் அப்பா புது மண்டபத்துப் புத்தகக் கடைகளுக்குக் கோனார் உரை வாங்கக் கூட்டிப்போய் (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன), மிச்சச் சில்லறைக்கு நீயே ஒன்று எடுத்துக்கோ என்று விட்டார். நான் எடுத்தது பேய்க்கதை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் புத்தகம் வாங்காதீர்கள், கொஞ்ச நாளைக்கு. பத்து சதவீதத் தள்ளுபடியில் நாம் வாங்குவது பல நேரம் புத்தகத்தை இல்லை, படிக்கப்போகிற நம்மைப் பற்றிய ஒரு நினைப்பை. உங்கள் ஊரிலேயே நூலகம் இருக்கிறது. வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி போகிறது, ரங்கநாதன் பாடுபட்டு 1948-இல் கொண்டுவந்த நூலகச் சட்டத்தின் வழி வந்தது அது. ஆக, காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. சொந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்று நூலகப் புத்தகத்தில் உண்டு, பின்னட்டையில் ஒட்டிய தவணைத் தேதி. அந்த வயலட் மை முத்திரை சொல்கிற மாதிரி எந்த மன உறுதியும் சொல்லாது. திருப்பிக் கொடுக்க எப்படியும் போகவேண்டும், போனால் அடுத்தது எடுத்தாகவேண்டும், இடைவெளி தானாக அடைபடும். ஒரு நாள் லீவு கிடைத்தால் பையனைப் புது நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். 2023 ஜூலை 15-இல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே விட்டுவிட்டு நீங்கள் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் கொலு என்று சொன்னதற்கு எனக்குக் கோபம் வரவில்லை, அவரும் புத்தகத்தை ஒதுக்கித்தானே வைத்திருக்கிறார். பதினொன்றில் அவருக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று இருந்தால் டிவி ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இருங்கள்.

இன்று ராத்திரி அலமாரியைத் திறந்து ஒன்பதில் இருக்கிறதிலேயே ஒல்லியானதையும் அதற்கு அடுத்த ஒல்லியானதையும் எடுங்கள். எண்ணிக்கைக்காக ஒல்லி வேண்டாம் என்று மேலே சொன்னேன், இது ஆரம்பம் என்பதால் விதிவிலக்கு. ஒன்றைப் பையனின் டியூஷன் பையில் போடுங்கள். இரண்டாவதை வாசல் பக்கம், செருப்பு மாட்டும்போது கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். முதல் புத்தகத்தில் இருபது பக்கம் மிச்சம் இருக்கும்போது அதையும் பையில் சேர்த்துவிடுங்கள். மூன்றாவதற்கு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போகலாம், பையன் பேரிலும் ஒரு அட்டை போட்டுக்கொள்ளுங்கள், முகவரிக்குச் சான்றாக ரேஷன் கார்டு நகல் ஒன்று கொண்டுபோனால் இரண்டாவது நடை மிச்சம்.